இருந்தேன் என்பதற்கு என்ன சாட்சி?

ஐந்து வருஷத்துக்கு முன்பு நீங்கள் எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் உங்களைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. தெருப் பெயரையும் கதவு இலக்கத்தையும் சொல்லிவிடுவீர்கள். “நல்லது அம்மா, அதற்கு அத்தாட்சி?” என்று அவர் அடுத்த கேள்வியைப் போடுகிறார். இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது, அல்லவா? பீரோவைக் குடைந்து, மின்சார பில், வாடகை ரசீது, குழந்தையின் பள்ளிக்கூட ரசீது என்று எதையாவது தேடி எடுத்து வருவீர்கள். “இது ஒரு மாசத்துக்குத்தானே ஆயிற்று? ஐந்து வருஷத்துக்கும் வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது” என்கிறார் அவர்.

தலை சுற்றுகிறதா? இதே கேள்வியை, அந்த ஐந்து வருஷமும் தான் இருக்கும் இடம் எந்த உத்தியோகஸ்தருக்கும் தெரியக் கூடாதே என்று பயந்து வாழ்ந்த ஒருத்தியிடம் கேட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பில்லிலும் பெயர் வேண்டாம், வாடகைக்கு ரசீது வேண்டாம், சம்பளம் ரொக்கமாகக் கையில் வந்தால் போதும் என்று இருந்தவள் அவள். ‘நான் இங்கே இல்லை’ என்று காட்டிக்கொள்வதே அவளுடைய பாதுகாப்பாக இருந்தது. அவளைப் பார்த்துத்தான் ஒரு நாள் சட்டம் சொன்னது: ‘நீ இங்கேயே இருந்தாய் என்று நிரூபி, உன்னை வாழ விடுகிறேன்.’

இது கதை அல்ல. 1987-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி தொடங்கி, சரியாக ஒரு வருஷ காலம், அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களில் நடந்தது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காகிதம் இல்லாத ஜனங்கள்

இந்த ஜனங்கள் யார்? ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மெக்சிகோ தேசத்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பண்ணைகளில் வேலை செய்ய ஆள் கிடைக்காமல், 1942-ல் அமெரிக்க சர்க்காரே மெக்சிகோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு கூலியாட்களை வரவழைத்தது. ‘பிராசெரோ’ என்ற அந்த ஏற்பாடு 22 வருஷம் நடந்தது. அதற்குள் 45 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன. 1964-ல் அதை நிறுத்தினார்கள். பிறகு 1976-ல், பிரஜைகளின் நெருங்கிய உறவினர் நீங்கலாக, மெக்சிகோவிலிருந்து வருஷத்துக்கு 20,000 பேருக்குமேல் குடியேற அனுமதி இல்லை என்று வரம்பு கட்டினார்கள்.

ஒப்பந்தம் நின்றது. ஆனால் தக்காளியும் திராட்சையும் பழுப்பதை நிறுத்தவில்லையே! பண்ணைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டியிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஆகவே, வந்து பழகியவர்களும் அவர்களுடைய தம்பிமார்களும் தங்கைமார்களும் வந்துகொண்டே இருந்தார்கள். முன்பு வாசல் வழியாக வந்தவர்கள் இப்போது வேலி தாண்டி வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1980-க்குப் பிறகு எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்தும் வந்தார்கள். விசாவோடு விமானத்தில் வந்திறங்கி, விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். 1952-ல் இயற்றிய சட்டத்தில், இப்படி வந்தவர்களை ஒளித்து வைப்பது குற்றம் என்று எழுதினார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை கொடுப்பது ஒளித்து வைப்பது ஆகாது என்றும் கூடவே எழுதினார்கள். அதாவது, வேலைக்கு வந்தவளைப் பிடித்து நாடு கடத்தலாம். வேலை கொடுத்த எஜமானியம்மாளை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது!

குடியேற்றத் துறைப் போலீஸுக்கு அந்த ஜனங்கள் வைத்த பெயர் ‘லா மிக்ரா’. தொழிற்சாலை வாசலில் யாராவது அந்தப் பெயரைக் கூவினால் போதும், இயந்திரங்களை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். தங்களைத் தாங்களே அவர்கள் ‘காகிதம் இல்லாதவர்கள்’ என்று ஸ்பானிய பாஷையில் சொல்லிக்கொண்டார்கள். ஒருவருக்குச் சட்டப்படி வாழும் உரிமை கிடைத்துவிட்டால், ‘காகிதத்தைச் சரி பண்ணிக்கொண்டான்’ என்பார்கள். காகிதம் என்றாலே அவர்களுக்கு வாழ்வுதான்.

ஒரு கையெழுத்து

1986 நவம்பர் 6-ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒயோமிங் மாகாணத்து செனட்டர் ஆலன் சிம்ஸனும், கென்டக்கியைச் சேர்ந்த ரொமானோ மஸோலியும் 1982 முதல் மன்றாடிக்கொண்டிருந்த மசோதா அது. கடைசியில் பிரதிநிதிகள் சபையில் பீட்டர் ரொடினோ கை கொடுக்க, நிறைவேறிற்று. மெக்சிகோ கிராமங்களில், இந்தச் சட்டத்தால் உரிமை பெற்று வந்தவர்களை ‘ரொடினோக்கள்’ என்றே அழைத்தார்களாம்! நிழலில் மறைந்து வாழ்கிறவர்கள் இனி வெயிலுக்கு வரலாம் என்ற பொருள்பட ரீகன் அன்று அறிக்கை விட்டார்.

சட்டத்துக்கு இரண்டு கைகள். ஒரு கை அடித்தது: காகிதம் இல்லாதவருக்குத் தெரிந்தே வேலை கொடுத்தால் இனிமேல் முதலாளிக்கும் தண்டனை. மற்றொரு கை அணைத்தது: 1982 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே வந்து, அது முதல் தொடர்ந்து சட்டவிரோதமாக வாழ்ந்தவர்கள் மனுச் செய்யலாம். நடுவில் ஊருக்குப் போய் வந்திருந்தால் ஒரு தடவைக்கு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சேர்த்து 180 நாளைத் தாண்டக் கூடாது. பெரிய குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றிருந்தாலும், சிறிய குற்றம் மூன்றில் தண்டனை பெற்றிருந்தாலும் மனு தள்ளுபடி. பண்ணைத் தொழிலாளருக்குத் தனி ஏற்பாடு: 1986 மே 1-ஆம் தேதியோடு முடிந்த ஒரு வருஷத்தில் 90 நாள் வயலில் உழைத்திருந்தால் போதும்.

மனுவுக்குக் கட்டணம் பெரியவர்களுக்கு 185 டாலர், குழந்தைகளுக்கு 50 டாலர், குடும்பத்துக்கு 420 டாலருக்கு மேல் இல்லை. அப்போது அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். ஒருவருடைய கட்டணத்துக்கு 55 மணி நேர உழைப்பு! இதைத் தவிர வைத்தியப் பரிசோதனைச் செலவு, போட்டோச் செலவு எல்லாம் வேறே.

பணத்தைவிடப் பெரிது பயம். இத்தனை நாள் துரத்திய அதே இலாகா திடீரென்று வா என்று கூப்பிட்டால், யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பெயரையும் விலாசத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு மொத்தமாகப் பிடித்துப் போடுவார்கள் என்று பலர் நினைத்தார்கள். அதை எதிர்பார்த்தே, மனுவில் எழுதியதை வைத்து யாரையும் நாடு கடத்தக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள். நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தனிக் காரியாலயங்களைத் திறந்தார்கள். மாதா கோவில்களும் தொண்டு நிறுவனங்களும் நடுவே நின்று மனுக்களை வாங்கிக் கொடுத்தன. இருந்தாலும் பலர் கடைசி வரையில் தயங்கிவிட்டு, கெடு முடிகிற 1988 மே 4-ஆம் தேதியன்று நள்ளிரவு வரைக்கும் வரிசையில் நின்றார்கள்.

பயந்தவர்கள் இருக்கும் இடத்தில் ஏய்ப்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘நோட்டாரியோ’ என்றால் பெரிய வக்கீலுக்குச் சமானம். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் முத்திரை குத்துகிறவர்தான். இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ‘நோட்டாரியோ’ என்று பலகை மாட்டி, ஏழைகளிடம் பணம் பறித்தவர்கள் எத்தனையோ பேர்.

பெட்டிக்குள் ஐந்து வருஷம்

இப்போது ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவளைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். 1980-ல் மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வந்தவள். கணவன் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான். அவள் வீடு வீடாகச் சென்று துப்புரவு வேலை செய்கிறாள். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறொரு வீடு.

எது எது அத்தாட்சியாகும் என்று சர்க்கார் ஒரு ஜாபிதாவே கொடுத்திருந்தது. சம்பளச் சீட்டு, மின்சார பில், வாடகை ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடப் பதிவு, பாங்க் புஸ்தகம், மணியார்டர் ரசீது, தபால் முத்திரை விழுந்த கடிதம், மாதா கோவிலில் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரம் - எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள்.

கணவனிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அவனுடைய பெயர் அல்ல! வேலை கிடைப்பதற்காக யாருடைய பெயரையோ, எந்த இலக்கத்தையோ கொடுத்துச் சேர்ந்திருந்தால், அந்தச் சீட்டில் உள்ள ஆசாமியும் தானும் ஒருவரே என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். பொய்ப் பெயரில் மெய்யாக உழைத்த உழைப்பு!

அப்படியானால் குடும்பத்தைக் காப்பாற்றியது எது? பல வீடுகளில் அது அம்மாவின் பெட்டி. குழந்தைக்கு அம்மை குத்திய அட்டை. பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் சீட்டு. ஊரில் இருக்கும் பாட்டிக்கு மாதா மாதம் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீதுகள். அந்தப் பாட்டி, மகள் எழுதிய கடிதங்களை உறையோடு பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அதிர்ஷ்டம்தான். உறையின் மேல் அமெரிக்கத் தபால் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது. எந்த நோக்கமும் இல்லாமல், பாசத்தால் சேர்த்து வைத்த குப்பை. சட்டத்தின் முன்னால் அதற்கு வந்த மதிப்பைப் பாருங்கள்!

பள்ளிக்கூடப் பதிவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்தில், காகிதம் இல்லாத குழந்தைகளைச் சர்க்கார் பள்ளியில் இலவசமாகச் சேர்க்க முடியாது என்று சொன்னார்கள். டைலர் என்ற ஊரில் இதைப் பற்றி எழுந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பெற்றோர் செய்த காரியத்துக்காகக் குழந்தையைத் தண்டிக்கலாகாது, பள்ளியில் சேர்த்தே தீர வேண்டும் என்று 1982 ஜூனில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு, அந்தக் குழந்தையின் வருகைப் பதிவும் மதிப்பெண் அட்டையும் தாய் தகப்பனாருக்குச் சாட்சியாக வந்து நின்றன.

அவள் உழைப்புக்கு ரசீது ஏது?

குடும்பத்தின் அத்தாட்சியை எல்லாம் சேர்த்து வைத்தவள் அவள். ஆனால் அவளுக்கென்று அத்தாட்சி எங்கே?

வாடகைச் சீட்டு எழுதியிருந்தால் அது கணவன் பெயரில். மின்சார பில் அவன் பெயரில், அல்லது வீட்டுக்காரர் பெயரில். எஜமானி வீட்டிலேயே தங்கி வேலை செய்தவளுக்கு வாடகையும் இல்லை, பில்லும் இல்லை. சம்பளம் ரொக்கம். ஏழு வருஷம் ஒரு வீட்டைப் பெருக்கித் துடைத்தவள், அங்கே இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டின் சுத்தத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று: ‘இந்த அம்மாள் இன்ன தேதி முதல் என் வீட்டில் வேலை செய்தாள்’ என்று எஜமானி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். மனம் உவந்து எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. எழுத மறுத்தவர்களும் உண்டு. காரணம் என்னவென்றால், வீட்டு வேலைக்காரிக்காக எஜமானர்கள் செலுத்த வேண்டிய ‘சோஷியல் செக்யூரிட்டி’ வரி என்று ஒன்று இருக்கிறது. அதைச் செலுத்தாதவர்கள் அநேகம் பேர். கடிதம் எழுதினால் கணக்கு வெளிப்பட்டுவிடுமே! அவளை மறைத்து வைத்ததில் அவளுக்கு மட்டும்தானா சௌகரியம்?

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. பொதுத் திட்டத்தில் மனுச் செய்தவர்களில் பெண்கள் பாதிக்குக் குறைவு. பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வயலில் பெண்களும் வேலை செய்தார்கள்தான். ஆனாலும் அந்தத் திட்டத்தில் உரிமை கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

ஒரு தேதி நடுவே நின்றது

அடுத்த வீட்டுக்கு வருவோம். இங்கே கணவன் 1978-ல் வந்தவன். மனைவியையும் மூத்த குழந்தையையும் கொஞ்சம் பணம் சேர்த்த பிறகு, 1983-ல் அழைத்துக்கொண்டான். இரண்டாவது குழந்தை அமெரிக்காவிலேயே பிறந்தது. அங்கே பிறந்த குழந்தை பிறந்த கணமே பிரஜை. இது அந்நாட்டு அரசியல் சட்டம்.

இப்போது ஒரே வீட்டில் நான்கு பேர். தகப்பனார் சட்டம் வந்ததால் தப்பித்தார். சின்னக் குழந்தை பிரஜை. தாயும் மூத்த குழந்தையும்? 1982 ஜனவரி 1-ஐத் தாண்டி வந்தவர்கள். எப்போது வேண்டுமானாலும் நாடு கடத்தலாம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நான்கு பேருக்கு மூன்று விதமான அந்தஸ்து!

இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. 1987-ல் செனட்டர் சேஃபி கொண்டுவந்த திருத்தம் தோற்றுப் போயிற்று. அதே வருஷம் அக்டோபரில் குடியேற்றத் துறை கமிஷனர் ஆலன் நெல்ஸன் கொஞ்சம் இறங்கி வந்தார்: தாய் தகப்பன் இருவருக்கும் உரிமை கிடைத்திருந்தால் மைனர் குழந்தைகளைத் துரத்துவதில்லை என்றார். ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றால்? அதற்கு 1990 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது கமிஷனராக இருந்த ஜீன் மெக்னாரி, மனைவிமார்களும் குழந்தைகளும் தங்கலாம், வேலையும் செய்யலாம் என்று உத்தரவு போட்டார். அந்த வருஷம் நவம்பரில் ஜனாதிபதி புஷ் (தகப்பனார் புஷ்தான்) கையெழுத்திட்ட புதிய சட்டத்தில் இதை நிலையாகவே எழுதிவிட்டார்கள். சுமார் மூன்று வருஷ காலம், கணவன் கையில் அட்டையும் மனைவி நெஞ்சில் பயமுமாக எத்தனையோ குடும்பங்கள் இருந்தன.

தாயைப் பார்க்கப் போன தவறு

இன்னொரு கூட்டத்தாரின் கதை இதைவிட நீளம். சட்டம் வந்த பிறகு, முன் அனுமதி பெறாமல் ஒரு தடவை எல்லை தாண்டி ஊருக்குப் போய் வந்திருந்தாலும் தகுதி போயிற்று என்று குடியேற்றத் துறை ஒரு விதி செய்தது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால், எந்த மகள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புறப்படுவாள்? சின்னஞ்சிறு பிரயாணம் குற்றமாகாது என்றுதானே சட்டமே சொல்லியிருந்தது?

இப்படிப் போய் வந்தவர்கள் காரியாலயத்துக்கு வந்தபோது, பல இடங்களில் மனுவையே வாங்காமல், முன் மேஜையிலேயே ‘நீ தகுதியில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. அந்த விதி செல்லாது என்று 1988-ல் கலிபோர்னியா பெடரல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் கெடு முடிய அப்போது சில நாட்களே இருந்தனவே! கெடுவுக்குப் பிறகு மனு வாங்கலாமா, கூடாதா என்று வழக்கு நீண்டது. 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் திரும்பிற்று. 2000-ஆம் வருஷ முடிவில் ஒரு சட்டம் வந்து சிலருக்கு வழிவிட்டது. 2004-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் மனுச் செய்ய 2005 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

கணக்குப் பாருங்கள், சகோதரிகளே. 1987-ல் முன் மேஜையில் திருப்பி அனுப்பப்பட்ட முப்பது வயதுப் பெண், மறுபடி மனுவை நீட்டும்போது அவளுக்கு ஏறக்குறைய ஐம்பது வயது!

அட்டை வந்த பிறகு

மனு ஏற்கப்பட்டவர்களுக்கும் அட்டை உடனே கைக்கு வந்துவிடவில்லை. முதலில் தற்காலிக வாசம். 18 மாதம் கழித்துத்தான் நிரந்தர வாசத்துக்கு மனு. அதற்குக் கொஞ்சம் இங்கிலீஷும் அமெரிக்க சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சை எழுதலாம், அல்லது 60 மணி நேர வகுப்பில் 40 மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பிறர் பாஷையில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். அட்டை கிடைத்தாலும் ஐந்து வருஷத்துக்குப் பெரும்பாலான சர்க்கார் உதவிப் பணத்தைத் தொட முடியாது.

இத்தனையும் கடந்து, இரண்டு திட்டங்களிலுமாக 30 லட்சம் பேர் மனுச் செய்தார்கள். 27 லட்சம் பேருக்கு நிரந்தர வாச உரிமை கிடைத்தது. மனுக்களில் பாதிக்கு மேல் கலிபோர்னியா ஒரு மாகாணத்திலிருந்தே வந்தவை. பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், உரிமை பெற்ற ஆண்களின் கூலி சுமார் 6 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். 2009-க்குள் அவர்களில் சுமார் 11 லட்சம் பேர் பிரஜைகளாகி வோட்டுரிமையும் பெற்றுவிட்டார்கள்.

கூலி உயர்ந்ததைவிடப் பெரிய லாபம் கணக்கில் வராது. எஜமானர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் புகார் சொல்லலாம். போலீஸ்காரரைக் கண்டு தெருவைக் கடக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போய்த் தாயாரைப் பார்த்துவிட்டு, விமான நிலையத்தில் தலை நிமிர்ந்து திரும்பி வரலாம்.

இது நியாயமா?

‘சட்டத்தை மீறியவர்களுக்குப் பரிசா? வருஷக்கணக்காக விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் ஏமாளிகளா?’ என்று அங்கே அன்றைக்கும் கேட்டார்கள், பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் பொய்ச் சான்றுகள் ஏராளமாகப் புகுந்தன என்பதும் உண்மை. முதலாளிகளுக்குத் தண்டனை என்ற பகுதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. போலி அட்டையைக் காட்டினால் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார்கள். மெக்சிகோவிலும் பிற தேசங்களிலும் மேலும் மேலும் ஜனங்கள் புறப்பட்டார்கள். 2007 வாக்கில் காகிதம் இல்லாதவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அவர்களை வரவழைத்த வேலையும், வேலை கொடுத்தவரைத் தொடாமல் விட்ட சட்டமும் அந்தத் தேசத்தினுடையவைதானே? பல வருஷம் ஒருத்தியின் உழைப்பில் தங்கள் வீடு பளபளக்க விட்டுவிட்டு, ‘நீ இங்கே இருந்ததே இல்லை’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நம் பக்கத்தில் ‘அனுபவ பாத்தியதை’ என்று ஒரு வார்த்தை உண்டு. வெகு காலம் ஆண்டு அனுபவித்தவனுக்கு ஓர் உரிமை பிறக்கிறது என்பது அதன் கருத்து. அமெரிக்கச் சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1921 ஜூனுக்கு முன்பிருந்தே வாழ்ந்து வருகிறவர், வந்த பதிவு இல்லாவிட்டாலும், நன்னடத்தை உள்ளவரானால் நிரந்தர வாசியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 1929-ல் ஒரு சட்டம் செய்தார்கள். காலம் செல்லச் செல்ல அந்தத் தேதியை 1924 என்றும், 1940 என்றும், 1948 என்றும் முன்னால் நகர்த்தினார்கள். 1986-ஆம் வருஷச் சட்டம் அதை 1972 ஜனவரி 1-க்கு நகர்த்திற்று. நகர்த்தும்போது அதற்கும் சட்டத்துக்கும் நடுவே 14 வருஷம்தான்.

அதற்குப் பிறகு அந்தத் தேதி நகரவே இல்லை. பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, படுத்துவிட்டன. ஆகையால் அந்த வழியாக உள்ளே வர விரும்புகிறவள், அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே ஒளிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த அரை நூற்றாண்டுக்கும் அவள் கையில் ரசீதும் இருக்க வேண்டும்.